திங்கட்கிழமைப் பாட்டு எங்கிருந்து வருது?

ஸ்பாட்டிஃபை 2015-ல் தொடங்கிய 'டிஸ்கவர் வீக்லி' திங்கள்தோறும் 30 பாட்டு தருது. நம்ம ரசனை அதுக்கு எப்படித் தெரியும்? அடிப்படைக் கணக்கு எளிது. நீங்க அடிக்கடி கேட்கிற இரண்டு பாட்டோடு மூன்றாவது ஒன்றையும் பலர் தங்கள் ப்ளேலிஸ்டில் சேர்த்திருந்தால், அந்த மூன்றாவது உங்களுக்கு வரும். இந்தக் கணக்குக்கு ராகம், தாளம் எதுவும் தெரிய வேண்டாம்.

சிக்கலும் இங்கேதான். யாருமே சேர்க்காத புதுப் பாட்டு கணக்கிலேயே வராது. இதை 'கோல்ட் ஸ்டார்ட்' என்பார்கள். பாட்டின் ஒலியையே அலசிப் பார்த்து ஓரளவு சமாளிக்கலாம், முழுசா தீராது.

அதனால, அதிகம் பேர் கேட்காத நல்ல பாட்டு கிடைச்சா கேட்டுட்டு விட்டுடாதீங்க, ப்ளேலிஸ்டில் சேருங்க. முகம் தெரியாத யாருக்கோ அது போய்ச் சேர அப்படித்தான் வழி பிறக்குது.