வாருங்கள், ஆலப்புழைக்கு!

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகும் சாலையில் ஒரு நாள் காலையில் நின்று பாருங்கள். ஒரு கன்டெய்னர் லாரி போனால் அதன் பின்னாலேயே இன்னொன்று. நடு நடுவே, ஷிப்டு முடிந்த பெண்களை ஏற்றிக்கொண்டு கம்பெனி பஸ்கள். தொழிற்சாலைக்கு உயிர்நாடி சாலைதான் என்பதை இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால், இத்தனை சரக்கையும் ஜனங்களையும் சாலைக்குப் பதிலாகத் தண்ணீரே சுமந்த ஊர் ஒன்று உண்டு. சேர்ந்தாற்போல் மூன்று நாள் லீவு கிடைத்தால் குடும்பத்தோடு போய்ப் பார்த்துவிட்டு வரலாம். ஆலப்புழையைத்தான் சொல்கிறேன்.

கிழக்கே வேம்பநாட்டு ஏரி. மேற்கே அரபிக் கடல். நடுவில் ஊர். 18-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில், திருவிதாங்கூரைத் தர்மராஜா ஆண்டபோது, ராஜா கேசவதாஸ் இதைத் துறைமுகப் பட்டினமாக வளர்த்தார். ஏரிப் பக்கத்தையும் கடற்கரைப் பக்கத்தையும் இணைத்து இரண்டு கால்வாய்கள்: ஒன்று வாடைக் கால்வாய், இன்னொன்று கமர்ஷியல் கால்வாய். மிளகும் இஞ்சியும் கொப்பரையும் வள்ளங்களில் மிதந்து வந்து கப்பலேறின. குஜராத்தி வியாபாரிகள் வந்து குடியேறினார்கள். 1859-ல் ஜேம்ஸ் டாரா என்பவர் தென்னை நார்ப் பாய் நெய்யும் தொழிற்சாலையை ஆரம்பித்தார். 1862-ல் கலங்கரை விளக்கம் எரியத் தொடங்கியது. அந்தக் காலத்து ஒரகடம் என்றே வைத்துக்கொள்ளுங்களேன்!

பிறகு? 1928-ல் கொச்சியின் உள்துறைமுகத்துக்குள் பெரிய கப்பல்கள் வர ஆரம்பித்தன. வியாபாரம் அங்கே நகர்ந்தது. லாரி வந்தது, 1989-ல் ரயிலும் வந்தது. கால்வாய்க்கு வேலை குறைந்தது.

ரயில் வந்ததில் நமக்கு ஒரு சௌகரியம். சென்னை சென்ட்ரலில் இரவு ஏறிப் படுத்தால் மறுநாள் முற்பகலில் ஆலப்புழையில் இறங்கிவிடலாம். ஸ்டேஷன் கடற்கரைக்குப் பக்கத்தில் இருக்கிறது. படகுத் துறையோ ஊரின் கிழக்குக் கோடியில். ஆட்டோவோ பஸ்ஸோ பிடிக்க வேண்டும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை வெயிலும் மழையும் அதிகம் படுத்தாது.

ஆலப்புழை என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது வீட்டுப் படகுதான். பழைய நெல் வள்ளங்களின் வம்சம் அது. ஆணி அடிக்காமல் பலகைகளைக் கயிற்றால் கட்டியதால் ‘கெட்டுவள்ளம்’ என்று பெயர். படுக்கை, சமையல், சாப்பாடு எல்லாம் அதிலேயே உண்டு; வாடகையும் ஆயிரக்கணக்கில் உண்டு. ஏற வேண்டாம் என்று நான் தடுக்கவில்லை. ஆனால் அதில் போனால் நீங்கள் ஊரை வேடிக்கை பார்க்கிறீர்கள். ஊர்க்காரர்களோடு ஊருக்குள் போக வேண்டுமானால், கேரள அரசின் நீர்ப் போக்குவரத்துத் துறை விடும் சாதாரணப் படகில் ஏறுங்கள். வெனிஸ் நகரில் இதே மாதிரித் தண்ணீர் பஸ்ஸுக்கு ஒரு டிக்கெட் 9 யூரோவுக்கு மேல். நம் கணக்கில் ஏறக்குறைய ஆயிரம் ரூபாய். போதாக்குறைக்கு, 2024 முதல் குறிப்பிட்ட சில நாட்களில், பகலில் வந்து திரும்பும் பயணிகளிடம் நுழைவுக் கட்டணம் வேறு! ஆலப்புழையில் ஓட்டல் காபிக்கு ஆகும் காசில் குட்டநாட்டைப் பார்த்துவிடலாம். கோட்டயம் வரை போனால் சுமார் இரண்டரை மணி நேரம்.

சுக்கான் பிடிப்பவருக்கு ‘ஸ்ராங்க்’ என்று பெயர். அவர் மணி அடித்தால் இயந்திரக்காரர் வேகத்தைக் கூட்டுவார், குறைப்பார். ‘லஸ்கர்’ கயிற்றோடு துறையில் குதிப்பார். பள்ளிக்கூடப் பெண்கள் ஏறுவார்கள். கடைப் பையோடு அம்மாமார்கள் இறங்குவார்கள். வரப்புக்கு அந்தப் பக்கம் எட்டிப் பாருங்கள்: நீங்கள் மேலே மிதக்கிறீர்கள், நெல் வயல் கீழே கிடக்கிறது! கடல் மட்டத்துக்கும் தாழ்வான பூமி அது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் குட்டநாடே மூழ்கியபோது, அங்கிருந்த ஜனங்களை ஆலப்புழைக்குக் கொண்டுவந்து சேர்த்தவற்றில் இந்தப் படகுகளும் உண்டு. அதனால், ஓரத்து இடத்துக்காகப் பிள்ளைகள் போட்டி போட்டால், பை சுமந்து வரும் அம்மாளுக்கு இடம் விடச் சொல்லுங்கள். உங்களுக்கு அது உல்லாசப் பிரயாணம். அவருக்கு வீட்டுக்குப் போகும் வழி.

மறுநாள் காலையில் கால்வாய்க் கரையோடு கடற்கரை வரை நடந்து பாருங்கள். கிழக்கே, படகு ஓடும் இடத்தில் தண்ணீர் அலம்பிக்கொண்டிருக்கும். படகு போகாத பகுதிகளிலோ ஆகாயத் தாமரை படர்வதும், சர்க்கார் ஆள் விட்டு அள்ளுவதும், மறுபடி படர்வதுமாக இருக்கிறது. படகு ஓடாத கால்வாயை யாரும் கவனிப்பதில்லை. சாக்கடைக்கும் குப்பைக்கும் இடமாகிவிடுகிறது.

நம் வீட்டுக் கதையும் இதுதானே! சென்னையில் பக்கிங்ஹாம் கால்வாய் வழியே விறகும் உப்பும் சுமந்து படகுகள் வந்ததை உங்கள் பாட்டி பார்த்திருக்கக்கூடும். இன்று அதற்குள் பறக்கும் ரயிலின் தூண்கள் நிற்கின்றன. நாம் மூக்கைப் பிடித்துக்கொண்டு கடந்து போகிறோம். மறுபக்கம், வைக்கத்தைப் பாருங்கள். 1924 போராட்டத்தால் தமிழர்களுக்கு நன்கு தெரிந்த அதே வைக்கத்துக்கும், ஆலப்புழை ஜில்லாவின் தவணக்கடவுக்கும் இடையே 2017 முதல் சூரிய சக்திப் படகு ஓடுகிறது. டீசல் புகையும் இல்லை, சத்தமும் இல்லை. மனம் வைத்தால் பழைய நீர்வழிக்கும் புது வேலை கொடுக்கலாம் என்பதற்கு வேறு சாட்சி எதற்கு?

ஊர் திரும்புமுன் அம்பலப்புழை கிருஷ்ணன் கோயிலுக்கும் போய் வாருங்கள். சுமார் 14 கிலோமீட்டர்தான். அங்கே பால் பாயசம் பிரசித்தம். கொஞ்ச நேரத்தில் தீர்ந்துவிடும் என்பதால் நேரத்தோடு போக வேண்டும். அதற்கு மட்டும் பஸ்ஸில் போங்கள். மற்றபடி எங்கே போவதானாலும், “படகு உண்டா?” என்று முதலில் கேளுங்கள். நாலு பேர் கேட்டுக்கொண்டே இருந்தால்தான் படகு ஓடும். படகு ஓடினால்தான் கால்வாய் கால்வாயாக இருக்கும்.