உங்களுக்குத் தெரியுமா? ‘கொல்’ என்றால் கொலை மட்டுமல்ல!
பழந்தமிழில் ‘கொல்’ என்று கண்டதும் கத்தியைத் தேட வேண்டாம். ‘வந்தான்கொல்’ என்றால் ‘வந்தானோ?’ என்ற சந்தேகம்தான். ஐயத்தைக் குறிக்கும் இடைச்சொல் இது என்கிறது தொல்காப்பியம்.

திருக்குறள் காமத்துப்பாலின் முதல் குறளிலேயே (1081) இது மூன்று முறை வருகிறது. எதிரே நிற்பவள் தெய்வப்பெண்ணா, மயிலா, மானிடப் பெண்ணா என்று தலைவன் திணறுகிறான். (முதல் பார்வையில் விழுந்தவன் வேறென்ன செய்வான்!) இந்தத் திணறலுக்கே ‘ஐயம்’ என்று ஒரு துறை வகுத்த அகப்பொருள் இலக்கணம், அதைத் தீர்க்கவும் வழி சொல்கிறது: சூடிய பூ வாடுகிறதா, கண் இமைக்கிறதா? அப்படியானால் மானிடப் பெண்தான்.

இன்றைய பேச்சில் இந்த ஐயக் ‘கொல்’ இல்லை. அதன் வேலையை ‘ஓ’ பார்க்கிறது: ‘பஸ் போயிடுச்சோ?’