வெளியூர்ப் பார்சல்: விதிமுறையை முன்பே எழுதி வையுங்கள்

கடைக்கு வருகிறவருக்குக் கண் முன்னே நிறுத்து, கையில் கொடுத்துக் காசு வாங்குகிறோம். வியாபாரம் அதோடு முடிந்தது. அதே அல்வாவைக் கைப்பேசியில் ஆர்டர் எடுத்து டெல்லிக்கு அனுப்பும்போது பணம் முதலில் வருகிறது, சரக்கு பின்னால் போகிறது. இடைப்பட்ட நாட்களுக்கு யார் பொறுப்பு? இதை முன்பே சொல்லாததால்தான் தகராறு வருகிறது.

லாரி ஆபீசில் சரக்குப் போடும் நமக்கு இது புதிதல்ல. வாடகை கட்டியாயிற்றா, 'டு பே'யா என்று ரசீதிலேயே எழுதி வாங்குகிறோம். அதே ஒழுங்கு இணைய வியாபாரத்துக்கும் வேண்டும். 2020 ஜூலையில் வந்த நுகர்வோர் பாதுகாப்பு (மின் வணிக) விதிகளும் இதையே கேட்கின்றன. வணிகர்கள் எழுதி வைக்க வேண்டியவை:

1. நாள்: ஆர்டர் வந்து எத்தனை நாளில் கடையை விட்டுப் புறப்படும், எத்தனை நாளில் போய்ச் சேரும் என்று தனித்தனியே எழுதுங்கள். ஆனித் தேரோட்டத்துக்குக் கடை அடைப்பு என்றால் அதையும் சொல்லுங்கள்.

2. கூலி: விலை, பார்சல் செலவு, வரி ஆகியவற்றைப் பிரித்துக் காட்டுங்கள். பத்தமடைப் பாய் போன்ற சரக்கில் கவனம் தேவை. பல கூரியர்கள் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000 ஆல் வகுத்து எடை போடுகிறார்கள். 100, 15, 15 அளவுள்ள பெட்டி, உள்ளே ஒன்றரைக் கிலோ இருந்தாலும், நாலரைக் கிலோவாகக் கணக்காகும்.

3. சேதம்: கருப்பட்டி ஈரம் பட்டால் இளகும். எத்தனை மணி நேரத்துக்குள் படம் எடுத்து அனுப்ப வேண்டும், மாற்றுச் சரக்கா பணமா, திருப்பி அனுப்பும் செலவு யாருடையது என்று தெளிவாக்குங்கள்.

4. தாமதம்: "அனுப்பிய பின் நாங்கள் பொறுப்பல்ல" என்று எழுதுவது செல்லாது. பழுதான சரக்கையும், சொன்ன கெடு தாண்டிச் சேர்ந்த சரக்கையும் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது என்பது விதி. இயற்கைச் சீற்றத்தால் வந்த தாமதத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி பெருகி ரயிலும் சாலையும் துண்டிக்கப்பட்டதே, அது போன்ற நாட்கள். அப்போதும் வாடிக்கையாளருக்கு உடனே தகவல் சொல்வது நம் கடமை.

5. புகார்: யாரிடம் பேச வேண்டும் என்று பெயரும் எண்ணும் கொடுங்கள். புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

ஆர்டர் பிடிக்கும் ஆசையில் மூன்று நாள் என்று எழுதிவிட்டு ஐந்தாம் நாள் சேர்த்தால், சரக்கும் திரும்பும், பேரும் கெடும். ஐந்து நாள் என்று எழுதி நான்காம் நாள் சேர்த்தால் அதே வாடிக்கையாளர் தீபாவளிக்கும் ஆர்டர் தருவார். முடிகிற நாளையே எழுதுவோம், எழுதியபடி அனுப்புவோம்.