வைக்கோலும் கப்பலும்

குத்தாலம் என்றதும் சிலருக்கு அருவி நினைவு வரும். அது தென்காசிப் பக்கத்துக் குற்றாலம். நாம் சொல்ல வந்தது மாயவரத்துக்கு அருகே, காவேரிப் பாசனத்தில் நெல் விளையும் குத்தாலத்தைப் பற்றி. கடலோரத்தில் இல்லாத அவ்வூருக்கும் கப்பலுக்கும் என்ன சம்பந்தம் என்று நேயர்கள் கேட்கலாம். சம்பந்தம் வைக்கோலில் இருக்கிறது.

உலகைச் சூடேற்றும் வாயுக்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 3 பங்கு கப்பல்கள் கக்குவதாகும். ஆகவே எண்ணெய்க்குப் பதிலாக மெதனாலை எரிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். இது சாராயத்தின் உறவு. ஆனால் மனிதன் குடித்தால் கண் போகும், உயிரும் போகும். 2023-இல் 'லாரா மேர்ஸ்க்' என்னும் சரக்குக் கப்பல் இதைக் கொண்டே கொரியாவிலிருந்து டென்மார்க் வரை சென்றது. ஒரு குறை: எண்ணெயைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் இடம் வேண்டும். இன்னொன்று, நிலத்தடி வாயுவிலிருந்து மெதனால் செய்தால் புகை குறையாது. வைக்கோல் போன்ற பயிர்க்கழிவைக் குறைந்த காற்றில் சுட்டு வாயுவாக்கி அதிலிருந்து செய்யலாம். நீரைப் பிளந்த ஹைட்ரஜனோடு கரியமில வாயுவைச் சேர்த்தும் செய்யலாம்.

நம் நாட்டில் இதற்கான ஏற்பாடு தூத்துக்குடியில் தொடங்கியிருப்பது பொருத்தமே. 1906-இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி கண்ட ஊர் அல்லவா? 2025 செப்டம்பர் 5-ஆம் தேதி, அவருடைய பிறந்த நாளன்று, அவர் பெயர் கொண்ட துறைமுகத்தில் சிறிய ஹைட்ரஜன் நிலையம் திறக்கப்பட்டது; 750 கன மீட்டர் கொள்ளும் மெதனால் நிலையத்துக்கு அஸ்திவாரமும் இடப்பட்டது.

நிலையம் கட்டலாம், அதில் நிரப்புவதற்குச் சரக்கு எங்கே? இங்கேதான் குத்தாலம் வருகிறது. அம்மண்ணுக்கடியில் கிடைத்த வாயு முன்பே 101 மெகாவாட் மின்சார நிலையத்துக்குப் பயன்பட்டது. புதிய எண்ணெய், வாயுக் கிணறுகளைக் காவேரிப் படுகையில் 2020-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்துவிட்டது. மண்ணுக்கு மேலே உள்ள வைக்கோலோ ஆண்டுதோறும் வருவது.

ஆனால் வைக்கோல் வீணாய்க் கிடக்கும் பொருள் என்று ஒருவரும் எண்ண வேண்டாம். அதன் முதல் உரிமை மாட்டுக்கு. மிஞ்சியதை மட்டும் கேட்கலாம். அதுவும் அறுவடை முடிந்த சில வாரங்களுக்குள், மழை நனைக்குமுன் கட்டாகக் கட்டிக் கிடங்கு சேர்த்தாக வேண்டும். நெல் வைக்கோலின் சாம்பலில் மணற்சத்து மிகுதி. உலையில் அது உருகி ஒட்டிக்கொண்டு தொல்லை தரும். இவை பொறியாளர் பாடு. விலை குடியானவர் பாடு. வ.உ.சி. தம் கம்பெனிப் பங்கை 25 ரூபாய்க்கு வைத்து ஜனங்களையே முதலாளிகளாக்க முயன்றார். வைக்கோல் கிடங்கிலும் உழவர்க்கு அப்படி ஒரு பங்கு உண்டா, அல்லது வண்டிக்கு இவ்வளவு என்று தரகர் சொன்னதுதான் விலையா என்பதை, முதல் கட்டு வண்டியேறுமுன் குத்தாலத்தார் கேட்டுக்கொள்ள வேண்டும்.