தலவிலத் திருவிழாவும் களத்திலேயே அமைய வேண்டிய வைத்தியமும்

மேற்கே பெருங்கடலும் கிழக்கே புத்தளம் களப்பும் சூழ, வடக்கு நோக்கி ஒடுங்கி நீளும் கற்பிட்டிக் குடாநாட்டில், தலவில புனித அன்னம்மாள் திருத்தலம் கடற்கரையை ஒட்டி அமைந்துள்ளது. ஆண்டுதோறும் மார்ச்சிலும் ஆகஸ்டிலும் இங்கு நடைபெறும் இரு திருவிழாக்களுள் பின்னதற்கு, தமிழரும் சிங்களவருமாக இலட்சக்கணக்கானோர் திரள்கின்றனர். அவர்களுள் பலர் குடும்பத்தோடு கூடாரமடித்து நாட்கணக்கில் தங்கி, அங்கேயே சமைத்துண்டு, தரையிலே பாய் விரித்து உறங்குகின்றனர். ஓர் இடத்தின் வழமையான சுகாதார வளங்களைத் திணறச் செய்யக்கூடிய அளவுக்கு மக்கள் கூடும் நிகழ்வையே உலக சுகாதார நிறுவனம் பெருந்திரள் கூட்டம் எனக் கொள்கிறது. இவ்வரையறையில் தலைக்கணக்கைவிட இடத்தின் தாங்குதிறனே முதன்மை பெறுவதால், தலவிலவின் நில அமைப்பையே வைத்தியத் திட்டத்தின் முதற்பக்கமாகக் கொள்ள வேண்டும்.

குடாநாட்டிற்குள் வருவதற்கும் வெளியேறுவதற்கும் பாலாவி–கற்பிட்டி வீதியே பிரதான வழி. தலவிலவில் ஒருவர் கடுமையாக நோயுற்றால், வடக்கே கற்பிட்டி வைத்தியசாலைக்கோ, தெற்கே நுரைச்சோலையையும் பாலாவியையும் கடந்து புத்தளத்திற்கோ, அதற்கும் அப்பால் சிலாபம் மாவட்டப் பொது வைத்தியசாலைக்கோ அவரைக் கொண்டுசெல்ல வேண்டும். திருவிழா நாளிலோ அதே வீதியில்தான் பஸ்களும் வேன்களும் நிரையாக நிற்கும். 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிப் பின்னர் நாடு முழுவதும் விரிந்த 1990 சுவசெரிய இலவச அம்புலன்ஸ் சேவை அரியதொரு பேறு என்றாலும், நெரிசலில் அகப்பட்ட வீதியில் எந்த அம்புலன்ஸும் விரைய முடியாது. இதயம் துடிப்பதை நிறுத்திய ஒருவருக்கு, நெஞ்சை அழுத்தும் முதலுதவியும் தானியங்கி மின்னதிர்வுக் கருவியும் கிடைக்காமல் கழியும் ஒவ்வொரு நிமிடத்திலும் உயிர்பிழைக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 7 முதல் 10 வீதம் வரை குறைகிறது. ஆகவே எத்தனை அம்புலன்ஸ்கள் நிறுத்தப்பட்டன என்பதைவிட, திடலின் கடைக்கோடியில் விழுந்தவரைப் பயிற்சி பெற்ற ஒருவர் எத்தனை நிமிடத்தில் நடந்து சென்றடைவார் என்பதே சரியான அளவுகோல். பொலிஸாரின் காவலில் எந்நேரமும் வெறுமையாக வைக்கப்படும் ஓர் ஒழுங்கை அதற்கடுத்த தேவை.

எத்தனை நோயாளர் வருவர் என்பதை முன்கூட்டி மதிப்பிடவும் வழியுண்டு. ஆயிரம் பேருக்கு எத்தனை பேர் சிகிச்சை நாடினர், அவர்களுள் எத்தனை பேர் வைத்தியசாலைக்கு அனுப்பப்பட்டனர் என்னும் இரு விகிதங்களே இத்துறையின் அடிப்படைக் கணக்குகள். ஆஸ்திரேலியாவில் போல் ஆர்பன் குழுவினர் 2001இல் வெளியிட்ட ஆய்வு, இவ்விகிதங்களை வானிலை, கூட்டத்தின் அளவு, மக்கள் அமர்ந்திருக்கிறார்களா நடமாடுகிறார்களா என்பன போன்ற காரணிகளோடு இணைத்து நோக்கியது. இந்நோக்கில் பார்த்தால், தலவிலவின் இரு திருவிழாக்களையும் ஒரே திட்டத்தின் கீழ் அடக்குவது தவறாகும்.

மார்ச் மாதத்தில் காற்று ஓய்ந்து புழுக்கம் மிகுவதால் வெப்பமே முதல் எதிரி. வியர்த்துத் தலைசுற்றும் வெப்பச் சோர்வுக்கு நிழலும் ஜீவனிக் கரைசலும் பெரும்பாலும் போதும். ஆனால் உடல்வெப்பம் 40 பாகை செல்சியஸைத் தாண்டி அறிவு தடுமாறும் வெப்பத்தாக்கில், நோயாளியை அவ்விடத்திலேயே நீரால் நனைத்து விசிறிக் குளிர்வித்த பின்னரே வண்டியில் ஏற்ற வேண்டும். 2024 ஒக்டோபர் 6இல் சென்னை மெரினாவில் நடந்த விமான சாகசக் காட்சியின்போது, பெரிய அரசு மருத்துவமனைகள் அருகிலேயே இருந்தும், வெயிலும் நெரிசலுமான சூழலில் ஐவர் உயிரிழந்தனர். தாகம் தீர்க்கும் நீரும் ஒதுங்க நிழலும் கூட்டத்தின் நடுவிலேயே இல்லாதபோது, அருகில் உள்ள கட்டிலால் பயன் குறைவு.

ஆகஸ்டில் தென்மேற்குப் பருவக்காற்றால் கடல் கொந்தளிக்கிறது. யாத்திரிகரோ குளிக்க அக்கடலையே நாடுகின்றனர். நீரில் மூழ்கியவருக்கு முதலில் தேவைப்படுவது மூச்சு ஊதுதல் என்பதால், உயிர்காப்பாளர் நிற்கும் கரையிலேயே ஒட்சிசனும் முதலுதவியாளரும் இருத்தல் வேண்டும்.

தரையில் உறங்குவோருக்கு மற்றோர் ஆபத்தும் உண்டு. உலர் வலயத்தில் வாழும் கட்டுவிரியன் இரவில் தீண்டும்போது வலியோ வீக்கமோ பெரிதாகத் தோன்றாததால், தீண்டப்பட்டவர் அதை அறியாமலே இருக்கக்கூடும். விடியற்காலையில் வயிற்றுவலி என்று முதலுதவிக் கூடாரத்திற்கு வருபவரின் கண்ணிமைகள் சரிகின்றனவா என்று டோர்ச் வெளிச்சத்தில் பார்க்கத் தெரிந்த தாதி ஒருவர் அங்கிருப்பது ஓர் உயிரின் விலை பெறும். இந்நோயாளியைக் களத்தில் வைத்திருக்கலாகாது. மூச்சுத் தசைகள் செயலிழக்குமுன், செயற்கைச் சுவாசத்திற்கான பையோடு உடனே அனுப்ப வேண்டும்.

குடாநாட்டின் நன்னீர், மணலுக்கடியில் ஆழமின்றி உவர்நீரின் மேல் மிதக்கும் மெல்லிய படையாகும். மலசலகூடக் குழிகளின் கசிவு அந்த மணலூடே கிணறுகளை அடையக்கூடும் என்பதால், கிணற்று நீரிலும் பவுசரில் வரும் நீரிலும் எஞ்சிய குளோரினைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் நாள்தோறும் அளப்பது, வயிற்றோட்டத்தைத் தடுக்கும் வைத்தியப் பணியே.

நோயாளி விழுந்த இடம், நேரம், முறைப்பாடு, கொடுத்த சிகிச்சை, அனுப்பிய வைத்தியசாலை ஆகியவற்றைத் தமிழிலும் சிங்களத்திலும் அச்சிட்ட ஒரே படிவத்தில் ஒவ்வொரு கூடாரமும் பதிந்து, திருவிழா முடிந்ததும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிடம் ஒப்படைத்தால், மறு ஆண்டு அதே திருவிழாவுக்கு எந்தக் கூடாரத்தை எங்கே நகர்த்துவது, எந்த மணி நேரத்தில் ஆளணியைக் கூட்டுவது என்பதைக் கணக்கோடு தீர்மானிக்க இயலும்.