ஊசியின் நம்பர் பார்த்தீர்களா?

பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கம் நம் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் ஒரு தையல் மிஷின் உண்டு. ஓணம் நெருங்கிவிட்டால் அதற்கு ஓய்வு கிடையாது. அப்படிப்பட்ட ஒரு வேளையில், தையலை நம்பியே குடும்பம் நடத்தும் பெண்ணொருத்தி ஒரு ரவிக்கையோடு என்னிடம் வந்தார். "மிஷின் துணியைக் கடிக்கு மாமா. வித்திரலாமான்னு பாக்கேன்" என்றார்.

கசவு வைத்த பாலராமபுரம் கைத்தறித் துணி. தையல் போன வழியெல்லாம் நூல் இழுத்துக் கோடு விழுந்திருந்தது. துணிக்காரர் விலை கேட்கிறார். மெக்கானிக் இருமுறை வந்து டென்ஷனைத் திருகிக் கூலியும் வாங்கிப் போயிருக்கிறார். நான் ஊசியைக் கழற்றிப் பார்த்தேன். 16-ம் நம்பர்; முனையும் மடங்கியிருந்தது. முந்தின வாரம் ஜீன்ஸ் பேண்ட் தைத்த ஊசியாம்! புதிய 11-ம் நம்பர் ஊசி போட்டதும் மிஷின் ஒழுங்காகத் தைத்தது. அந்த ரவிக்கையைத்தான் காப்பாற்ற முடியவில்லை.

பாலராமபுரம் நெய்யாற்றின்கரைக்கு அடுத்த ஸ்டேஷன். பாலராம வர்மா மகாராஜா காலத்தில் (1798-1810) தமிழ்ப் பகுதிகளிலிருந்து சாலியர்களை வரவழைத்து இங்கே குடியமர்த்தினர். அவர்கள் வழிவந்த தறிகளில் 80, 100 கவுண்ட் என்ற மெல்லிய நூலில் நெய்வார்கள். கவுண்ட் ஏற ஏற நூல் மெலியும். இத்தகைய துணியில் மழுங்கிய தடித்த ஊசி இழைகளுக்கு நடுவே நுழையாது. இழையையே இழுத்துக்கொண்டு போகும். கசவு இழை மாட்டினாலோ கேட்கவே வேண்டாம்.

ஊசிப் பாக்கெட்டில் 75/11, 90/14 என்று இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண்ணை நூறால் வகுத்தால் ஊசித்தண்டின் கனம் மில்லிமீட்டரில் கிடைக்கும். 90 என்றால் 0.9 மி.மீ. இரண்டாவது எண்ணைத்தான் நாம் கடையில் சொல்லிக் கேட்கிறோம். மெல்லிய பட்டு, ஜார்ஜெட்டுக்கு 9. வாயில், நேரியது, ரவிக்கைத் துணிக்கு 11. பாப்ளின், சாதாரணக் காட்டனுக்கு 14. பேண்ட் துணிக்கு 16. பல மடிப்பு ஜீன்ஸ், கான்வாஸுக்கு 18.

நம்பர் தவறினால் தையல் ஏன் விட்டுப்போகிறது? ஊசி அடிவரை இறங்கி, இரண்டு மில்லிமீட்டர் அளவு மேலே எழும்பும்போது, துணியின் பிடிப்பால் நூல் பின்பக்கம் சிறு வளையமாகப் பிதுங்கும். ஷட்டிலின் கொக்கி அந்தக் கணத்தில் வளையத்தைப் பிடிக்க வேண்டும். துளை பெரிதானால் துணி நூலைப் பிடிக்காது, வளையமும் உண்டாகாது. கனத்த துணியில் மெல்லிய ஊசி வளைந்து போவதால் கொக்கி தவறும், சில சமயம் ஊசியே ஒடியும். ரயில்வேயில் பாயிண்ட் சரியாக அமையாத இடத்தில் வண்டி வந்தால் என்னாகும்? கிட்டத்தட்ட அதே கதைதான்.

பனியன், டி-ஷர்ட் துணி வேறு ஜாதி. அது பின்னிய துணி. கூர்முனை ஊசி கண்ணியை அறுத்துவிடும், பிறகு துளை ஏணிபோல் ஓடும். அதற்கென முனை உருண்ட 'பால்பாயிண்ட்' ஊசி கேட்டு வாங்குங்கள்.

நூலும் ஊசியும் பொருந்துகின்றனவா என்று பார்க்க எளிய வழி உண்டு. ஒரு முழம் நூலை ஊசியில் கோத்து, சாய்வாக இழுத்துப் பிடியுங்கள். ஊசி தானாக வழுக்கி இறங்க வேண்டும். நடுவில் நின்றால் அந்த நூலுக்குக் காது போதாது.

ஊசி மாட்டும்போது நீண்ட பள்ளம் நூல் நுழையும் பக்கம் இருக்க வேண்டும். அடித்தண்டின் தட்டையான பக்கம் அதற்கு எதிர்ப்புறம். தண்டு முழுதும் உருண்டையாக உள்ள டெய்லர் மிஷின் ஊசி வீட்டு மிஷினுக்கு ஆகாது. கடையில் இரண்டையும் கலந்து கொடுப்பதுண்டு. எட்டு மணி நேரம் தைத்ததும் ஊசியை மாற்றிவிடலாம். ஒடியும்வரை ஓட்டுவது நம்மிடையே உள்ள பழக்கம். ஊசி சில ரூபாய், துணியோ பல நூறு.

அந்தப் பெண் இப்போது மிஷினில் எந்த நம்பர் ஊசி இருக்கிறது என்று பேனாவால் ஒட்டுச்சீட்டில் எழுதி மேலே ஒட்டி வைத்திருக்கிறார். கசவுத் துணி வந்தால், வெட்டி மிஞ்சிய துண்டை இரண்டாக மடித்து முதலில் அதில் ஒரு சாண் தைத்துப் பார்க்கிறார்.