அடிக்கத் தகுந்த பந்து

பேஸ்போல் ஆட்டத்திலே துடுப்பெடுத்து நிற்பவருக்குச் சிந்திக்கக் கிடைக்கும் நேரம் மிகச் சொற்பம். பந்து வீசுபவரின் மேட்டுக்கும் துடுப்பாட்டக்காரர் அருகில் நிற்கும் தட்டுக்கும் இடையிலுள்ள தூரம் 60 அடி 6 அங்குலம். மணிக்கு 90 மைல் வேகத்தில் வரும் பந்து அதனை ஏறக்குறைய 0.4 விநாடியில் கடந்துவிடும். துடுப்போ கிரிக்கெட் துடுப்பைப் போலத் தட்டையானதன்று, உருண்ட தடி. அதனால் உருண்ட பந்தைச் சந்திக்க வேண்டும். இதற்குக் கைப்பலம் மாத்திரம் போதுமா? போதாது என்பதற்கு, பொஸ்டன் ரெட் சொக்ஸ் அணியின் டெட் வில்லியம்ஸ் சிறந்த சான்றாவார்.

அடியின் வலிமை இடுப்பிலே பிறக்கிறது என்பது அவர் கொள்கை. முன்கால் சிறிதளவே எட்டி வைக்கப்படும். இடுப்பு முதலில் திரும்பும். தோளும் கைகளும் அதனைத் தொடரும். கைகள் முந்திக்கொண்டால் உடலின் பலம் வீணாகும். மேலும், மேட்டிலிருந்து வீசப்படும் பந்து சரிந்தே வருகிறது. ஆதலால் துடுப்புச் சற்றே மேல்நோக்கி வீசப்படுமாயின், பந்தின் பாதையோடு அது அதிக தூரம் ஒன்றிச் செல்லும்.

எனினும், இவற்றுக்கெல்லாம் முற்பட்டது அடிக்கத் தகுந்த பந்தைத் தெரிந்தெடுத்தல். அடிக்க வேண்டிய எல்லையை வில்லியம்ஸ் 77 பந்துகள் கொள்ளும் கட்டமாகப் பிரித்துக் காட்டினார். நடுவில் வரும் பந்துகளைத் தெரிந்து அடித்தால் சராசரி .400 ஆகும், அதாவது பத்து வாய்ப்புகளில் நான்கு வெற்றி. வெளிப்புறத் தாழ்ந்த மூலையில் வருவனவற்றைத் துரத்தினால் அது.230 ஆகக் குறையும் என்பது அவர் கணிப்பு. ஒரே ஆட்டக்காரர், ஒரே துடுப்பு, வேறுபாடு தெரிவிலேதான்.

1941ஆம் ஆண்டு செப்டெம்பர் 28ஆம் திகதி, பருவத்தின் இறுதி நாள். அன்று காலை அவர் சராசரி .39955, கணக்கில் அது.400 எனவே கொள்ளப்படும். ஆடாதிருந்து அப்பெருமையைக் காத்துக்கொள்ள முகாமையாளர் ஜோ குரோனின் இடமளித்தார். வில்லியம்ஸ் மறுத்து, பிலடெல்பியாவில் அன்று நடந்த இரண்டு ஆட்டங்களிலும் ஆடினார். எட்டு வாய்ப்புகளில் ஆறு வெற்றி, சராசரி.406 ஆக உயர்ந்தது. அதன்பின் அமெரிக்கன் லீக்கிலோ நஷனல் லீக்கிலோ முழுப் பருவத்துக்கு .400ஐ எட்டியவர் எவருமிலர்.

துடுப்பைச் சுழற்றப் பழகுமுன், தகாத பந்தை விட்டுவிடப் பழகுதல் வேண்டும். அப்பொறுமையே துடுப்பாட்டத்தின் முதற் பாடம்.